வெள்ளிக்கிழமை குழாய் பதிக்க வேண்டாம்

தம்பி, உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த வீட்டுப் படமும் நேற்றுக் காலைத் தபாலில் வந்தன. மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு இருக்கட்டும், முதலில் ஒரு காரியம் செய். இங்கே பீங்கான் கம்பெனியிலிருந்து யாரோ எட்டுக் கழிசல் குழாயை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து கக்கூஸுக்குப் பதிக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். பதிக்க விடாதே. குழி வெட்டியிருந்தால் வெட்டினபடியே கிடக்கட்டும். கொத்தனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அன்றைக்கு அவரைச் சுவர் பூசச் சொல். அந்த எட்டுக் குழாயையும் மண்ணுக்குள் போகாமல் நிறுத்தி வைத்துவிட்டு வந்து, உட்கார்ந்து, மீதியைப் படி. கோமதி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படி. ஆறு மாதக் கர்ப்பிணி கேட்கிற விஷயம் இல்லை இது.

பெண்ணாடம் என்ன சீமையிலா இருக்கிறது, முக்கால் மணி நேர பஸ், நேரில் வந்து சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். வரத்தான் பார்த்தேன். நேற்று உன் கடிதத்தைப் படித்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸும் நின்றது. ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் கொடுக்கும்போது இறங்கி விட்டேன். சாயங்காலம் மறுபடி போனேன், அப்போதும் ஏறவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. எழுதவாவது முடிகிறதா என்று பார்க்கிறேன். உன் அம்மா சமையற்கட்டிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். ஆலையில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வீடு கட்டுவதைப் பற்றி யோசனை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

உன் படத்தைப் பற்றி முதலில் சொல்லி விடுகிறேன். அழகாகத்தான் போட்டிருக்கிறாய், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறாய், அறைக்கு அறை பேர் எழுதியிருக்கிறாய். ஆனால் காலி வீட்டுக்குப் படம் போட்டிருக்கிறாய். கட்டிலை எங்கே போடுவாய்? நீ காட்டியிருக்கிற மூலையில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பீரோ அந்த வாசற்படியில் நுழையுமா என்று கோமதி வீட்டில் கொடுத்த பீரோவை அளந்து பார்த்தாயா? நாம் இந்த வீட்டைக் கட்டும்போது சமையற்கட்டுக்கு நிலை வைத்து, சுவர் எழுப்பி, சுண்ணாம்பும் அடித்த பிறகுதான் ஆட்டுக்கல் வெளியே கிடக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். நிலையின் அகலத்துக்கும் கல்லுக்கும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. நாலு பேர் சேர்ந்து உருட்டினதில் வாசற்படியின் மூக்கு போனது. இன்றைக்கும் அந்தப் படி மூளியாகத்தான் இருக்கிறது, தெரியுமே உனக்கு. வரைந்தவன் நான், வேலை செய்தவர் கொத்தனார், சமைக்கப் போகிறவளை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் கோமதியைக் கேட்டிருக்க மாட்டாய். கேள். அடுப்பு மேடை அவள் இடுப்புக்குச் சரியாக வருகிறதா என்று அவளை நிற்க வைத்து அள. ஸ்விட்சுப் போர்டைக் கதவுக்குப் பின்னால் குறித்திருக்கிறாய், இருட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்குப் போட வேண்டும் போலிருக்கிறது!

தரை மட்டம் எவ்வளவு என்று எழுதவே இல்லை. ரோட்டைப் பார்த்து மட்டம் வைக்காதே, நாளைக்கு வரப்போகிற ரோட்டை நினைத்து வை. நம் தெருவில் ஒவ்வொரு தடவை ஜல்லி கொட்டும்போதும் தெரு மேலே போயிற்று, வீடு கீழே போயிற்று. நாம் குடி வந்தபோது மூன்று படி ஏறி உள்ளே வருவோம், இப்போது ஒரு படிதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் நின்று கட்டுகிறவனுக்கு ஐப்பசி மழை நினைவுக்கு வராது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வைக்காமல் விட்டேன், கிழக்குச் சாரல் முழுக்க உன் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் விழுந்தது. குளிக்கிற அறைத் தரையைக் கொத்தனார் மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசினார். மட்டமாக இருந்ததுதான் கெடுதல். தண்ணீர் போக வழி தெரியாமல் வாசற்படி தாண்டி வந்தது. உன் அம்மா பன்னிரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை துணி போட்டுத் துடைக்கிறாள். தரை காய்வதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருந்தால் போதும். சொம்புத் தண்ணீர்தானே என்று நினைக்காதே.

இன்னொன்று. மேலே கான்கிரீட் போடுகிற அன்றைக்கு, கம்பி கட்டும்போதே கூடத்தில் ஓர் இரும்பு வளையத்தைக் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொல். போட்ட பிறகு கொத்தி வைத்தால் நிற்காது. நாலு மாதத்தில் தூளி கட்ட வேண்டி வரும்.

தூளி என்று எழுதினதும் பேனாவைக் கீழே வைத்து விட்டேன். இவ்வளவு நேரம் கதவு, படி, சன்ஷேடு என்று நான் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் சுற்றி வளைப்பதுதான். பொய்யாக ஒன்றும் எழுதவில்லை, எல்லாமே நீ பார்க்க வேண்டியவைதான். ஆனால் நான் சொல்ல வந்தது மல்லிகாவைப் பற்றி.

உனக்குத் தங்கச்சி முகம் நினைவிருக்கும், அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நாம் இந்த வீட்டுக்குக் குடி வந்த வருஷமே பிறந்தவள். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. உன் அம்மாவுக்காக என்று நீ நினைத்திருப்பாய். எனக்காகவும்தான்.

கம்பெனியில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் நின்று பார்த்ததில்லை. சூளை ஆறினதும் உள்ளேயிருந்து பீங்கான் குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிறுத்துவார்கள். சாக்கடைக்கும் கக்கூஸுக்கும் போகிற குழாய்கள். நான் சின்ன மரச் சுத்தியால் ஒவ்வொன்றையும் தட்டுவேன். நல்ல குழாய் கோயில் மணி மாதிரி ணங்கென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துப் போகும். அப்படிச் செத்த சத்தம் வருகிற குழாயின் மேல் தாரில் தோய்த்த குச்சியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்தால் அது கழிசல், பின்பக்கம் குவியலுக்குப் போய்விடும். என் காதை நம்பித்தான் சரக்கு ரயில் ஏறியது. அந்தக் காதைப் பற்றி எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் குவியல்தான் நம் ஊர்க்காரர்களின் வீடு. நீயே நம் தெருவில் நடந்து பார். கரண்டுக் கம்பத்துப் பீங்கானைச் சுவரில் பதித்துக் கொடி கட்டியிருப்பார்கள், உடைந்த சாசர் சில்லுகளைத் தரையில் பூப்போல் இழைத்திருப்பார்கள், வாய் கோணின ஜாடியில் துளசி இருக்கும். கம்பெனியில் வேலை பார்க்கிறவன் நல்ல சரக்கை வாங்கி வீடு கட்டினால் ஊர் சிரிக்கும். "கைல வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலையுறாரு பாரு" என்பார்கள். நானும் சிரித்தவன்தான். நம் வீட்டுக்குக் குழாய் வேண்டியிருந்தபோது குவியலுக்குத்தான் போனேன். பத்துக் குழாய் பொறுக்கினேன். எல்லாம் காலையில் நானே தட்டி, நானே கழித்து, நானே குறி போட்ட குழாய்கள். சாயங்காலம் மாட்டு வண்டியில் ஏற்றி வந்தேன்.

அறுபத்து நாலில் வீட்டில் கக்கூஸ் கட்டுவதே நம் தெருவுக்குப் புதுசு. உன் அம்மா ஓடைப்பக்கம் போகிற கஷ்டம் தீரட்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் கட்டினேன். சிமெண்டு பர்மிட்டுக்குத் தாலுகா ஆபீசில் நான் நின்ற நிலை கொஞ்சமில்லை. எல்லாம் முறையாகத்தான் செய்ததாக நினைத்தேன். கிணறு ஈசானிய மூலையில், கக்கூஸ் எதிர்மூலையில், இரண்டுக்கும் நடுவே கொல்லையின் முழு அகலம். குழியைக் கக்கூஸுக்குப் பின்னாலேயே வெட்டுவதாக இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் மதில் ஓரம் குழி வரக்கூடாது என்று சண்டைக்கு வந்தார். கொத்தனார் ஆறுமுகம் யோசித்துவிட்டு, "அதுக்கென்னங்க, குழிய அந்தாண்டக் கோடியில வெட்டிக்கலாம், கொழாய நீட்டிக்கினு போயிட்டாப் போச்சு" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தாண்டைக் கோடி என்றால் கிணற்றைத் தாண்டி. கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே, குழி எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி மண்ணுக்குள்ளே குழாய் போகிறதே என்று ஒருவரும் பார்க்கவில்லை. குழாயைக் குழியில் இறக்கும்போது ஆறுமுகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏங்க, இதுல கீறல் தெரியுதே, போடலாமா?"

"மண்ணுக்குள்ள போறதுதான, போடுங்க. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

நேற்று உன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? 'கழிசல்தான், ஆனால் மண்ணுக்குள்ளே போகிறதுதானே அப்பா' என்று எழுதியிருக்கிறாய். இதை நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. எங்கிருந்து உன் வாய்க்கு வந்தது? அந்த வரியைப் படித்த கையோடுதான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

குடி வந்து இரண்டாவது மழைக்காலம். கார்த்திகையில் கிணறு கைக்கெட்டுகிற மாதிரி நிரம்பி நின்றது. உனக்கும் எனக்கும் அடிக்கடி வயிறு சரியில்லாமல் போனது. உன் அம்மா ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏங்க, தண்ணி ஒரு மாதிரி இருக்குது, குடிச்சிப் பாருங்க" என்றாள். குடித்துப் பார்த்துவிட்டு, "புது மழைத் தண்ணி அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாசி மகத்துக்கு ஆற்றில் குளிக்க அவள் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு போனாள். நீயும் போனாய். பொம்மை வாங்கி வந்தீர்கள். மறுநாள் காலையிலிருந்து பிள்ளைக்கு வயிற்றுப் போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், டாக்டர் மருந்து கொடுத்து, "தண்ணிதான் சேரல, நல்ல தண்ணி நெறையக் குடுங்க, வறண்டு போவக் கூடாது" என்றார். நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? நம் கிணற்றுக்குத்தான் போனேன். ஆற்றுத் தண்ணீர்தான் கெடுத்தது, நம் வீட்டுத் தண்ணீர் கல்கண்டு என்று நினைத்துக்கொண்டு நானே புதிதாக இறைத்து, துணியில் வடிகட்டி, சங்கு சங்காக வாயில் விட்டேன். உன் அம்மா கொதிக்க வைக்கட்டுமா என்று கேட்டாள். புள்ள நாக்கு வறண்டு கெடக்குது, ஆறுற வரைக்கும் காத்திருக்கவா முடியும் என்று அவளைச் சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

அது தண்ணீரால்தான் வந்ததா, அந்தக் குழாயால்தான் வந்ததா என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் நான் பார்த்ததை நீ கேட்டுக்கொள். அடுத்த வருஷம் வைகாசியில் உன் அம்மா வேப்பூருக்குத் தன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தாள், நீயும் கூடப் போயிருந்தாய். கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்றது. எங்கே அடைப்பு என்று பார்க்க நானே மண்வெட்டியை எடுத்து வெட்டினேன். கிணற்றுக்கு நேராக வந்தபோது மண் கறுத்து, சொதசொதவென்று நாற்றம் எடுத்தது. கையால் மண்ணை வழித்தேன். குழாயின் பக்கவாட்டில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. அதற்கு மேலே தாரில் ஒரு பெருக்கல் குறி, கொஞ்சமும் அழியாமல். என் குறி. நான் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. நீங்கள் ஊரிலிருந்து வருவதற்குள் அந்தக் குழாய்களை எல்லாம் பெயர்த்து உடைத்துப் போட்டேன், கடையில் நல்ல குழாய் வாங்கி, கிணற்றைவிட்டு விலக்கி, தெருப்பக்கமாகச் சுற்றிப் பதித்தேன். கிணற்றை இறைத்து மருந்து போட்டேன். உன் அம்மா வந்து கேட்டபோது, "வேரு அடைச்சிக்கிச்சி, மாத்திட்டேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒன்பது வருஷமாக அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன்.

நான் மறைத்தது என்னை மட்டும் காப்பாற்றியிருந்தால் போகட்டும். அவள் தலையில் அல்லவா விழுந்தது. துக்கம் கேட்க வந்த உன் பெரியத்தை, வந்த உறவெல்லாம் கேட்கிற மாதிரி, "கைப்புள்ளய மகத்துக் கூட்டத்துல ஆத்துக்குத் தூக்கினு போவ எந்தத் தாய்க்காவது மனசு வருமா? ஊத்துத் தண்ணிய ஊத்திப் புள்ளய வாரிக் குடுத்துட்டா" என்று சொன்னாள். உன் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அவ ஆத்துத் தண்ணிய வாயிலயே வெக்கல, நான் இடுப்ப வுட்டு எறக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாது, அதனால் அதை விடு. ஆனால் வைகாசிக்குப் பிறகு தெரியுமே. அதற்குப் பிறகும் உன் பெரியத்தை வந்தாள், அதற்குப் பிறகும் பேசினாள். உன் அம்மா மகத்துக்குப் போவதை விட்டாள், கோயிலுக்குக் கூட ஆற்றுப்பக்கத் தெருவை விட்டுச் சுற்றிப் போனாள். போகப் போக அவளே நம்பிவிட்டாள். 'ஒருவேளை நான் துணி பிழியும்போது குடிச்சிருக்குமோ' என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

கம்பெனியில் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள், அது உன் காதுக்கும் வந்திருக்கும். ஏன் என்று இப்போது தெரிந்துகொள். அதற்குப் பிறகு நான் கழித்த குழாயைக் குவியலுக்கு அனுப்பவில்லை, குறி போட்ட கையோடு சுத்தியால் உடைத்தேன். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். "உங்க அப்பன் வூட்டுக் கொழாயா?" என்று கேட்டார்கள். அடுத்த குழாயை எடுத்து உடைத்தேன். போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன், மறுபடி குவியல் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. அதிலிருந்து எட்டுக் குழாய் உன் வீட்டுக்கே வந்துவிட்டது.

உன் படத்தை நேற்றிலிருந்து எத்தனை தடவை பிரித்தேன் என்று கணக்கில்லை. கை பம்பு ஒரு மூலை, கக்கூஸ் ஒரு மூலை, சரிதான். குழியை எங்கே குறித்திருக்கிறாய் என்று தேடினேன். வேலி ஓரம் சின்ன வட்டம். கக்கூஸிலிருந்து அந்த வட்டத்துக்கு விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கை பம்புக்குப் பக்கத்திலேயே போகிறது. நீ அந்தக் கோட்டைப் படத்தில் வரையவே இல்லை தம்பி. நானும் அன்றைக்கு வரையவில்லை. மண்ணுக்கு மேலே இருப்பதை மட்டுமே வரைகிறோம்.

ஆகையால் குழியை மாற்று, கை பம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம், தாழ்வான பக்கமாகத் தள்ளு. குழாயும் அந்தப் பக்கமே வராமல் போகட்டும். நல்ல குழாயாக வாங்கு. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி நிறுத்தி நீயே தட்டிப் பார், கடைக்காரன் முன்னாலேயே தட்டு, கூச்சப்படாதே. பதித்து, குழாயும் குழாயும் சேருகிற பூட்டுக்கெல்லாம் சிமெண்டு வைத்து இறுகின பிறகு, கீழ் வாயை அடைத்துவிட்டு மேல் வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பு. ஒரு ராத்திரி பூரா நிற்கட்டும். காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், பிரித்துப் போடு. இறங்கவில்லை என்றால்தான் மண்ணைத் தள்ள வேண்டும். எந்தக் கொத்தனாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார், ஒருநாள் வேலை கெடுகிறது என்பார். கெடட்டும்.

இதோடு முடித்து, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். இன்று புதன்கிழமை காலை. மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

நான் உறையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது உன் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ரெண்டு நாளா அப்படி என்னாதான் எழுதுறீங்க? எனக்கும் படிச்சிக் காட்டுங்க, புள்ளைக்கு வூட்டப் பத்தி நானும் ரெண்டு சொல்லுவேன் இல்ல" என்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் என் கையெழுத்து பிடிபடாது. ஆட்டுக்கல் வரைக்கும் படித்துவிட்டு மடித்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். ஆட்டுக்கல்லைப் படித்ததும் அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தாள். குச்சிகளை ஒன்று சேர்த்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நான் அப்பவே சொன்னனே" என்றாள். அது ஒன்றுதான். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்தாள்.

"எங்க கெளம்புற?"

"பெண்ணாடத்துக்கு. அந்தக் கொழாய நான் பாக்கணும்."

"இரு, நானும் வரேன்."

"வேணாம். நீங்க பஸ்ஸுல ஏறுனா நான் எறங்கிடுவேன்."

கடிதத்தைக் கொடுங்கள், நானே கொண்டு போகிறேன் என்று கையை நீட்டினாள். கடைசியாக நாலு வரி எழுதிக் கொள்கிறேன் என்று கேட்டேன். வாசலில் நிற்கிறாள்.

தம்பி, குழி எங்கே வர வேண்டும் என்று நான் மேலே எழுதினதை எல்லாம் விடு. அவள் காலை வைத்துக் காட்டுகிற இடத்தில் வெட்டு. எப்போது திரும்பப் போவாய் என்று அவளைக் கேட்காதே. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அவள் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில் இருப்பாள், எப்படியோ வந்து சேர்ந்திருப்பாள். அந்த 'எப்படியோ'தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெண்ணாடத்தில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் முன்னால் நடந்தேன், அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.